ஸ்டெப் பலகை உயரம்: ஒரு திருத்தம்

வீடியோ பார்த்து நடன ஸ்டெப் ஏரோபிக்ஸ் (இசைக்கேற்பத் தாழ்வான பலகையில் ஏறி இறங்கி ஆடும் உடற்பயிற்சி) பழகுபவர்கள் முதல் நாளிலிருந்தே 8 அங்குலப் பலகையில்தான் ஆட வேண்டும், அதற்குக் குறைந்தால் பலன் இல்லை என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அன்புடன் மறுக்கிறேன்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 4 அங்குலமே போதும். இந்தப் பயிற்சியை அமெரிக்காவில் 1980களின் இறுதியில் உருவாக்கிய ஜின் மில்லர், முழங்கால் காயத்திலிருந்து மீள்வதற்காகப் படியேறிப் பழகியதில்தான் இது பிறந்தது. முழங்காலை வருத்துவது இதன் நோக்கமே அல்ல.

நீங்களே சோதிக்கலாம். பாதம் முழுவதையும் பலகைமேல் வையுங்கள், குதிகால் வெளியே தொங்கக் கூடாது. எடையை அந்தக் காலுக்கு மாற்றும்போது பக்கவாட்டிலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் செங்கோணத்தைத் தாண்டி மடங்கினால் அந்த உயரம் உங்களுக்கு அதிகம். வீடியோவையும் நிறுத்திப் பாருங்கள்: எளிய அசைவுகளைக் காட்டுபவரின் பலகைக்கு அடியில் பெரும்பாலும் உயரத்தைக் கூட்டும் கட்டைகள் இருக்காது.

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்புப் பெண்கள் சிலர் பலகை இல்லாமல் சமையலறை முக்காலியில் ஏறி ஆடுகிறார்கள். மாம்போ என்ற நடன அசைவை முடித்துத் திரும்பும்போது அது சறுக்குவதைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அசைவுகள் மனதில் பதியும் வரை வெறும் தரையிலேயே ஆடுங்கள்.