இறால் என்னுது, தூண்டில் என்னுது, மீன் மட்டும் அவனுதா?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லயே வந்தாச்சு. கொக்கு வேட்டை, முயல் வேட்டைன்னு தாத்தா காலத்துக் கதை பேசிப் பிரயோஜனமில்ல. நமக்கு மிச்சமிருக்கிற வேட்டை, ஞாயித்துக்கிழமை விடியக்காலைல எண்ணூர் முகத்துவாரத்துல தூண்டில் போடுறதுதான். கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற இடம். தண்ணி ஏறும்போது மீனும் கூடவே உள்ள ஏறும்.

நம்ம தோஸ்து ஒருத்தன், வெறுங்கையோட வருவான். தூண்டிலுக்கு இரையா காசிமேட்டுல நான் வாங்கி ஐஸ் போட்டு எடுத்துட்டு வந்த இறால்ல, "ரெண்டே ரெண்டு குடு மச்சி"ன்னு ஆரம்பிச்சு பாதிய காலி பண்ணுவான். அவ்ளோ இடம் கெடக்கும்போது என் தூண்டில் நரம்பு மேலயே குறுக்கால வீசுவான். சிக்கு எடுக்கவே அரை மணி நேரம், பல்லால கடிச்சு கடிச்சு. அதுல போன்ல சத்தமா பாட்டு வேற!

அதெல்லாம்கூட போவட்டும். போன வாரம் டீ குடிக்கப் போனேன், அஞ்சு நிமிஷம்தான். திரும்பி வந்தா என் தூண்டில்ல மாட்டுன கொடுவா மீன இவன் இழுத்துப் போட்டுட்டு, அதத் தூக்கிப் புடிச்சு செல்ஃபி எடுத்துட்டு நிக்கிறான். கேட்டா, "இழுத்தது யாரு?"ன்றான். தூண்டில் யாருதோ மீன் அவனுதுன்னு சின்னப் பையனுக்குக்கூடத் தெரியுமேடா!

மதியம் அவங்க வீட்லேந்து ஒரு கிண்ணம் கொழம்பு வந்துச்சு. தொறந்து பாத்தா, வால் துண்டு.