மெஷினுக்கு ரெண்டாயிரம் வெள்ளி, டேப்புக்கு ரெண்டு வெள்ளியா?

மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல எங்க வீட்டுப் பின்பக்க ரூம்தான் என் ஸ்டூடியோ. செவுத்துல பழைய மெத்தை ரெண்டு, கதவுல ஒரு கம்பளி, அவ்ளோதான். மழை பேஞ்சா தகரக் கூரை சத்தமும் சேந்து பதிவாயிரும், அதப் பத்தி இன்னொரு நாள் பொலம்புறேன்.

போன வாரம் உறுமி மேளக் குழு தம்பி ஒருத்தர் வந்தாரு. நாலு டிராக் கேசட் மெஷின் (ஒரே கேசட்டுல நாலு சத்தத்தத் தனித்தனியா பதிவு பண்றது), பழசுதான், ரெண்டாயிரம் வெள்ளி குடுத்து வாங்கிருக்காரு, ஆனா டேப்பு மட்டும் பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, ரெண்டு வெள்ளிக்கு ஒரு சி-120, ரெண்டு பக்கமும் சேத்து 120 நிமிஷம் ஓடுறது. "ரெண்டு மணி நேரம் வரும்ணே"ங்கிறாரு. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

ஏன்னா அதே தப்ப நானும் பண்ணவன். எங்க அத்தை பால்மரம் (ரப்பர் மரம்) சீவுன காலத்துல பாடுன தாலாட்ட ஒரு சாயந்தரம் உக்கார வச்சு சி-120லதான் புடிச்சேன். மூனாவது தடவ போட்டுக் கேக்குறப்ப கரகரன்னு ஒரு சத்தம், தொறந்து பாத்தா டேப்பு ரப்பர் ரோலர்ல சுத்தி இடியாப்பம் மாதிரி கெடக்கு. பென்சில விட்டு சுத்தி எடுத்துட்டேன், ஆனா அந்த எடத்துல குரல் இன்னிக்கும் தண்ணிக்குள்ளருந்து வர்ற மாதிரிதான். திரும்பப் பாடச் சொன்னா அத்தைக்கு வரி மறந்து போச்சு.

விஷயம் சிம்பிள். எல்லாக் கேசட்டும் ஒரே சைஸ், அதுக்குள்ள நீளமான டேப்ப அடைக்கணும்னா மெலிசாத்தான் ஆக்கணும். சி-60 சுமார் 18 மைக்ரான் கனம், சி-90 பன்னெண்டு, சி-120 வெறும் ஒம்போது. மெலிசு இழுபடும், சிக்கும், ஒரு சுத்துல இருக்கிற சத்தம் பக்கத்து சுத்துக்கும் ஊறிப் போய் பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பேய் மாதிரி லேசா கேக்கும். அதுவும் நாலு டிராக் மெஷின் நெறைய ரெட்டை வேகத்துல ஓடும், நாலு டிராக்கும் ஒரே பக்கமா போகும், கேசட்ட திருப்பிப் போட முடியாது, அதனால சி-60ல 15 நிமிஷந்தான், தம்பியோட ரெண்டு மணி நேரம் அங்க அரை மணி ஆயிருச்சு!

அடுத்து டைப்பு, அதாவது டேப்பு மேல பூசுற காந்தப் பொடியோட வகை: டைப் 1 சாதா இரும்பு ஆக்சைடு, டைப் 2 குரோம் வகை. இந்த மாதிரி மெஷின் பலதும் டைப் 2 டேப்புக்குன்னே செட் பண்ணது, அதுல சாதா டைப் 1 போட்டா மேல் சுருதியெல்லாம் போர்வைக்குள்ள போயிரும். டிடிகே எஸ்ஏ, மேக்ஸெல் எக்ஸ்எல்-2 மாதிரி டைப் 2 டேப்பெல்லாம் இப்ப புதுசா வர்றதில்ல, பழைய ஸ்டாக்குக்கு யானை வெல சொல்றாங்க. என்னக் கேட்டா நாலு டிராக்குக்கு மட்டும் அந்தக் காச செலவு பண்ணுங்க. சாதா கேசட் டெக்குன்னா புதுசா வர்ற டைப் 1 தாராளம், அமெரிக்காவுல நேஷனல் ஆடியோ கம்பெனி, பிரான்ஸ்ல ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸ் இன்னும் பண்றாங்க. உறுமிய கொஞ்சம் கூட லெவல்ல அதுல அடிச்சுப் பாருங்க, அந்த இழுவை தடிச்சு வரும், கம்ப்யூட்டர்ல எனக்கு அது கெடச்சதே இல்ல.

பழசு வாங்குனா மொதல்ல கண்ணாடி வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. டேப்பு சுருள் மேல வெள்ளையா பொட்டு பொட்டா இருந்தா பூஞ்சை, மெஷின்ல போடவே கூடாது, டேப்ப உரசிப் படிக்கிற ஹெட்டுல ஒட்டிக்கிட்டு அடுத்த டேப்புக்கும் போகும். நான் ஆன்லைன்ல பத்து வாங்குனேன், நாலு இப்படி. நம்ம ஊரு புழுக்கத்துக்கு இறுக்கி மூடுற டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் இல்லாம எந்த பிராண்டும் தாங்காது. அப்பறம் கேசட்டோட ஓடு ஸ்க்ரூ போட்டதா பாருங்க, ஒட்டுனதுன்னா சிக்குனா ஒடைக்கத்தான் வேணும்.

ரீல் டேப்பு ஆசை இருக்கிறவங்க பழைய ஆம்பெக்ஸ் 456 கெடச்சா துள்ளிக் குதிக்காதீங்க, ஈரத்த உறிஞ்சி பிசுபிசுன்னு ஹெட்டுல அப்பிக்கும். 54 டிகிரி சூட்டுல மணிக்கணக்கா காய வச்சா கொஞ்ச நாளைக்கு ஓடும், ஆனா தயவுசெஞ்சு வீட்டு கேக் அவன்ல வேணாம்.

தம்பி சி-60 மூனு எடுத்துட்டாரு. "அப்ப இத என்னண்ணே பண்றது?"ன்னு அந்த சி-120ஐ நீட்டுனாரு. டேப்புதான் மட்டம், ஓட்டுல அஞ்சு ஸ்க்ரூவும் இருக்கு, குடுத்துட்டுப் போங்கன்னேன். அத்தையோட டேப்ப அதுக்குள்ள மாத்தணும்.