ஆறு நாளில் இருபது பல்

அண்ணி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு விலைப்பட்டியல் அனுப்பியிருந்தார். துருக்கியில், அண்டால்யாவில் ஒரு பல் மருத்துவமனை. ஆறு நாள், இருபது பல்லுக்கு கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை), தங்குவதற்கு ஹோட்டல், விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போக கார், எல்லாம் சேர்த்து ஒரே தொகை. "இங்கே நாலு பல்லுக்குக் கேட்கிற காசும்மா இது. போயிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதை, அவர் சம்மதத்தோடு இங்கேயும் எழுதுகிறேன். லண்டனில் நம் ஆட்கள் பலர் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வெளிநாடு போய்ப் பல் வைத்தியம் பார்ப்பவர்களை அழகு பைத்தியம் பிடித்தவர்கள் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. இங்கே என்.எச்.எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் பல் மருத்துவரிடம் புதிதாகப் பெயர் பதிவது அவ்வளவு கஷ்டம். 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரில் புதிதாகத் திறந்த ஒரு பல் மருத்துவமனை வாசலில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள், போலீஸ் வந்து கூட்டத்தை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. பெயர் பதிந்தவர்களுக்குப் பரவாயில்லை, கேப்போ பல் செட்டோ 2025 கட்டணப்படி 326 பவுண்டு 70 பென்ஸில் முடிந்துவிடும். ஆனால் இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் கட்டும் பல், பெரும்பாலும் அதில் வராது. தனியாரிடம் போனால் ஒரு பல்லுக்கே இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். நானே என் கடைவாய்ப் பல்லுக்குச் சென்னையில்தான் இம்பிளான்ட் போட்டுக்கொண்டேன்.

அதனால் போகாதே என்று அண்ணியிடம் நான் சொல்லவில்லை. துருக்கி மருத்துவர்களுக்குத் தொழில் தெரியாது என்றும் சொல்லவில்லை. எனக்குப் பயம் அந்த ஆறு நாள்தான்.

அண்ணிக்கு ஒரு சொத்தைப் பல் கூடக் கிடையாது. முன் பல் இரண்டு ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கிறது, கொஞ்சம் டீக் கறை, அவ்வளவுதான். ஏறிய பல்லுக்கு நேரான வைத்தியம் கிளிப். ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை இரண்டு வருஷம் ஆகும். ஆறு நாளில் எந்த மருத்துவராலும் பல்லை நகர்த்த முடியாது. ஆறு நாளில் முடிகிற வேலை, நல்ல பல்லைச் சுற்றிலும் அராவிக் கூம்பாக்கி அதன் மேல் கேப் மாட்டுவது. ஆக, என்ன வைத்தியம் என்பதை அண்ணியின் பல் முடிவு செய்யவில்லை, திரும்பி வரும் டிக்கெட் முடிவு செய்திருக்கிறது.

விளம்பரத்தில் வெனீர் என்று போட்டிருக்கும். வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு எடுத்துவிட்டு ஒட்டுகிற மெல்லிய ஓடு. கேப் அப்படி இல்லை. சுற்றிலும் அராவ வேண்டும், வெளியே தெரியும் பல்லில் மூன்றில் இரண்டு பங்கு வரை கூடப் போய்விடலாம். போன எனாமல் திரும்ப முளைக்காது. அப்படி அராவிய பற்களில் சிலவற்றின் நரம்பு, சில வருஷம் கழித்துச் செத்துப்போகும். அப்புறம் கேப்பில் ஓட்டை போட்டு ரூட் கேனால் செய்ய வேண்டும். கேப் பத்துப் பதினைந்து வருஷம் வந்தால் நல்லது என்பார்கள். அண்ணிக்கு வயது 41. இருபது கேப்பையும் வாழ்நாளில் இன்னும் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவு விலைப்பட்டியலில் எங்கே இருக்கிறது?

இன்னொன்று, கடி. இருபது பல்லையும் ஒரே நேரத்தில் மாற்றினால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சந்திக்கும் விதமே மாறும். தற்காலிக கேப்போடு சில வாரம் சாப்பிட்டுப் பார்த்து, எங்கே இடிக்கிறது, தாடை வலிக்கிறதா என்று கவனித்த பிறகுதான் நிரந்தரமானதை ஒட்ட வேண்டும். ஐந்தாம் நாள் ஒட்டி ஆறாம் நாள் விமானம் ஏறினால் அந்தக் கவனிப்பை யார் செய்வது?

இம்பிளான்ட்டிலும் இதே கதைதான். அந்தத் திருகு செய்யும் டைட்டானியம் என்ற உலோகம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க். 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தார். இன்றைக்கும் எலும்பு தன் வேகத்தில்தான் ஒட்டுகிறது, பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம். அதனால்தான் நான் சென்னைக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை திருகை வைத்தார்கள், எட்டு மாதம் கழித்துப் போய் மேலே பல் கட்டிக்கொண்டேன். இரண்டு விமான டிக்கெட் சேர்த்தும் எனக்கு லாபம்தான், அம்மாவோடு இருந்த நாட்களைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆனாலும் இரண்டு வருஷம் கழித்து மேல் பல் ஆட ஆரம்பித்தது. உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் போதும். இங்கே நான் போன மருத்துவர் என்ன கம்பெனி, என்ன அளவு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், ஆஸ்டெம் என்று எத்தனையோ இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே சாவி சேராது. தெரியாமல் கை வைக்க மாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம். சென்னை மருத்துவமனையில் அட்டை எதுவும் தரவில்லை, போன் செய்தால் நாளைக்குச் சொல்கிறோம் என்றே மூன்று வாரம் ஓட்டினார்கள். அந்த மூன்று வாரமும் ஒரு பக்கமாகவே சாப்பிட்டேன்.

நம் ஊர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போகவும் முடியாது. 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களில் எட்டுப் பேர், மூளையைத் தாக்கிய பாக்டீரியா தொற்றில் இறந்துபோனார்கள். திறந்த சலைன் பாட்டிலைச் சரியாக மூடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தியதே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். பல் பிடுங்கப் போன மனிதர்கள். இதைப் படித்த பிறகு, கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள், கழுவுகிற திரவம் புதிதாகத் திறந்ததா என்று கேட்க எனக்குக் கூச்சமே வருவதில்லை.

ஏதாவது தவறினால் யாரிடம் போவது? இங்கே பல் மருத்துவர்களைக் கண்காணிக்கும் ஜெனரல் டென்டல் கவுன்சிலுக்கு வெளிநாட்டு மருத்துவமனை மேல் அதிகாரம் கிடையாது. பயணக் காப்பீடும் பெரும்பாலும் திட்டமிட்ட வைத்தியத்துக்குப் பணம் தராது. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 1995 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. ஆனால் லண்டனில் வேலையை வைத்துக்கொண்டு வாய்தாவுக்கு வாய்தா யார் போய் நிற்பது?

அண்ணிக்கு அனுப்பிய பட்டியலை மறுபடி பார்த்தேன். எக்ஸ்ரே கேட்கவில்லை. செல்போனில் எடுத்த இரண்டு புகைப்படத்தைப் பார்த்தே இருபது கேப் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒன்றுக்காகவே வேண்டாம் என்றேன். முதலில் இங்கே ஒரு கிளிப் மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சரி என்றார், வியாழக்கிழமை போகிறார், நானும் கூடப் போகிறேன்.

ஊரில் ஏற்கெனவே இம்பிளான்ட் போட்டுக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், பல் ஆடும்வரை காத்திருக்காமல் கம்பெனி பெயர், அளவு, வைத்த தேதி, எக்ஸ்ரே எல்லாவற்றையும் இப்போதே கேட்டு வாங்கிப் போனில் சேமித்து வையுங்கள்.