பெற்றோல் போடாத சொந்தக்காரர்

தம்பி: பாஸ் அண்ணே, இந்த வண்டியின் பழைய சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாஸ்: ஏன் தம்பி, கல்யாணமா?

தம்பி: என் சொந்தக்காரர்கள் இல்லை. வண்டியின் சொந்தக்காரர்கள்.

பாஸ்: மொரிஸ் மைனருக்கு ஏது தம்பி சொந்தம்? கூட வந்ததெல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போயாச்சு. மூலையில் ஒரு ஒஸ்டின் நிற்கிறதே, அது வேண்டுமானால் சம்பந்தி முறை. 1952இல் இரண்டு கம்பனிகளும் ஒன்றாகிவிட்டன.

தம்பி: ஐயோ, சொந்தக்காரர் என்றால் ஓனர் அண்ணே, ஓனர்!

பாஸ்: அதை முதலில் சொல்லக் கூடாதா? இரண்டும் வேறு ஆட்கள். பெற்றோல் போட்டு ஓட்டினால் அந்தச் சொந்தக்காரர். போடாமல் ஓட்டினால் இந்தச் சொந்தக்காரர்.

(இடம், மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு கராஜ். பாஸ் அங்கே மெக்கானிக். தம்பிக்குக் கொழும்பில் வேலை. ஞாயிறு தோறும் வருவார், வண்டியைப் போட்டோ எடுப்பார், பாஸைக் கேள்வி கேட்பார், போவார். வண்டி மூன்று மாதமாகச் செங்கல் மேல் நிற்கிறது. நான் என் பைக்குக்குப் பிரேக் கட்டை போட வந்து ஒன்றரை மணி நேரமாக டயர் மேல் உட்கார்ந்திருந்தவன். யார் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள்.)

தம்பி: எனக்கு எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். ஒரு ஆணியைக்கூட மாற்றக் கூடாது.

பாஸ்: இஞ்சின் ஜப்பான். அதை வைப்பதா, எடுப்பதா?

தம்பி: ஜப்பானா?

பாஸ்: டட்சன். இதன் பழைய இஞ்சின் 803 சிசி, 30 குதிரை. இறம்பொடை ஏற்றத்தில் பத்துக் குதிரை இறங்கி நடக்கும், பத்து பின்னால் நின்று தள்ளும். யாரோ புத்தியுள்ள மனிதர் மாற்றியிருக்கிறார். அந்த 803உம் மொரிஸ் வீட்டுச் சொத்து இல்லை, ஒஸ்டின் வீட்டிலிருந்து வந்த சீதனம்.

தம்பி: அப்போ இதில் ஒரிஜினல் எதுதான்?

பாஸ்: இதோ, கதவுக்குப் பின்னால் தூணில் ஒளிந்திருக்கிறதே, கை நீட்டுகிற சிக்னல். இது ஒரிஜினல். நீட்டினால் மடங்காது. எந்தச் சொந்தக்காரர் மாதிரி என்று நான் சொல்லத் தேவையில்லை.

தம்பி: சரி, அதை விடுங்கள். இதைப் பாருங்கள். முன் மட்கார்ட். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். ஒரு மாதச் சம்பளம் போய்விட்டது.

(பாஸ் பெட்டியைப் பிரித்தார். தகட்டைப் புரட்டினார். உள்பக்கம் ஒட்டியிருந்த சின்னத் தாளை நகத்தால் சுரண்டி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படித்தார்.)

பாஸ்: இலங்கைத் தயாரிப்பு.

தம்பி: என்ன!

பாஸ்: தொண்ணூறுகளில் இந்த மொரிஸ் தகடுகளை இங்கேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் தம்பி. வெள்ளைக்காரன் தன் காரை நம் தகரத்தால்தான் ஒட்டுப் போட்டான். இது அங்கே போய், குளிர் பார்த்து, பவுண் கணக்கில் விலை ஏற்றிக்கொண்டு, சொந்தக்காரரைப் பார்க்கத் திரும்பி வந்திருக்கிறது. ஒரு டீயாவது வாங்கிக் கொடுங்கள்.

தம்பி: விளையாடாதீர்கள் அண்ணே. எனக்கு வண்டியின் சரித்திரம் வேண்டும்.

பாஸ்: சரித்திரம் கதவு இடுக்கில் இருக்கிறது. திறந்து பாருங்கள்.

(பார்த்தேன். பிணைச்சலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு சாண்ட் பேப்பரால் தேய்த்து வைத்திருந்தார். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிய மாதிரி வளையம் வளையமாகப் பெயிண்ட். ஓரத்தில் வெள்ளை, அப்புறம் மஞ்சள், அப்புறம் கறுப்பு, நடுவில் கண்மணி அளவுக்குப் பச்சை. பச்சைக்கு நடுவே வெறும் தகரம்.)

பாஸ்: வெள்ளை உங்கள் அப்பா. மஞ்சள் யாரோ கண் தெரியாத மனிதர். கறுப்பு, ஹயர் ஓடிய காலம். பச்சைதான் முதல் ஆள், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. பதிவுப் புத்தகத்திலும் 1953 என்று இருக்கிறது. முன் கண்ணாடி நடுவில் பிளந்திருப்பதால் அது பொய் இல்லை. 1956 கடைசியில் வந்த மொரிஸ் மைனர் 1000 மாடலிலிருந்துதான் ஒரே கண்ணாடி.

தம்பி: புத்தகத்தில் தாத்தாவின் பெயரைக் காணோமே? இது தாத்தாவின் கார். போட்டோவே இருக்கிறது. பாருங்கள், கோட்டு போட்டு, பொனட்டில் கை வைத்து, கையில் லேஞ்சியோடு.

பாஸ்: அது லேஞ்சி இல்லை தம்பி.

தம்பி: அப்புறம்?

பாஸ்: வண்டி துடைக்கிற துணி. கோட்டுப் பொத்தானைப் பாருங்கள், ஐந்தும் பித்தளை. யூனிபோம்.

தம்பி: டிரைவரா? வீட்டில் எல்லோரும் அவர் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பெரிய கங்காணி என்றுதான்...

பாஸ்: இந்தக் கராஜுக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேரின் தாத்தா பெரிய கங்காணி. பத்தாவது ஆளின் தாத்தா துரைக்கே கடன் கொடுத்தவர். இத்தனை பெரிய கங்காணிகள் இருந்தால் மலையில் கொழுந்து பறித்தது யார் தம்பி? துரை ஊரிலிருந்து ஆள் கொண்டு வந்தாரா?

(தம்பி போட்டோவைத் திரும்பவும் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். துணி துணியாகவே இருந்தது.)

பாஸ்: முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். இந்த வளைவில் வண்டியை வளைக்கத் தெரிந்தவருக்குக் கங்காணிப் பட்டம் எதற்கு? சரி, கடைசிப் பெயருக்கு வாருங்கள். பண்டாரவளை விலாசம், 1971. அதற்குக் கீழே காலி. அவர் கையெழுத்து இல்லாமல் வண்டியை உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. போனீர்களா?

தம்பி: போனேன். அந்த விலாசத்தில் இப்போது போன் கடை. ஆள் இறந்துவிட்டார். பேரனைத் தேடிப் பிடித்தேன்.

பாஸ்: என்ன சொன்னான்?

தம்பி: "தாத்தாவின் காரா? எங்களுக்கும் பங்கு இருக்குமே" என்றான்.

பாஸ்: சொந்தக்காரர்!

தம்பி: எந்தச் சொந்தக்காரர்?

பாஸ்: பெற்றோல் போடாதவர். தப்பு உங்கள் அப்பாவுடையது. 86இல் வாங்கியிருக்கிறார். கீழே ஒரு வரி எழுத இடம் இருந்தது. திணைக்களத்துக்குப் போக அலுப்பு. வாங்குகிறவர் பெயர் எழுதாத ஓப்பன் பேப்பரில் கையெழுத்தை வாங்கி, மடித்து, டேஷ்போர்டில் செருகிவிட்டார். இதோ, எலி கால்வாசியைத் தின்றுவிட்டது. எனக்கு இந்த ஓப்பன் பேப்பர்காரர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வண்டி வாங்கக் காசு இருக்கும், பெயர் மாற்ற நேரம் இருக்காது.

தம்பி: அலுப்பு இல்லை அண்ணே. 86இல் அப்பாவிடம் அடையாள அட்டை இல்லை. நாடற்ற மலையகத் தமிழருக்கான 88 சட்டத்துக்கு அப்புறம்தான் அவருக்குப் பிரஜாவுரிமை வந்தது. யார் பெயரில் எழுதுவார்?

(பாஸ் ஸ்பானரைக் கீழே வைத்தார். நான் வந்ததிலிருந்து அவர் அதைக் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை.)

பாஸ்: தாத்தாவுக்கு?

தம்பி: 48இல் சட்டம் போட்டுப் பிரஜாவுரிமையைப் பறித்ததுதான். கடைசிவரை ஒன்றும் வரவில்லை.

பாஸ்: 53இல் கப்பலில் வந்து இறங்கிய தகரத்துக்கு இந்த நாட்டில் ஒரு நம்பர் கொடுத்தார்கள். ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதைத் தினமும் துடைத்தவருக்கு...

(முடிக்கவில்லை. மூலையில் இருந்த ஒஸ்டினைக் கொஞ்ச நேரம் முறைத்தார்.)

பாஸ்: அப்படியானால் உங்கள் அப்பா பண்டாரவளைவரை போய் இந்த ஓட்டை வண்டியை வாங்கியது வண்டிக்காக இல்லை. இந்த நம்பரைத் தேடிப் போயிருக்கிறார். சரி, அந்தப் பேப்பரை இப்படித் தாருங்கள். எலி மிச்சம் வைத்ததையாவது பிளாஸ்டிக் உறையில் போடலாம்.

(தம்பியின் போன் அடித்தது.)

தம்பி: ஆமாம் சித்தப்பா... இல்லை, இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை... எந்தத் தேதி?... கேட்டுச் சொல்கிறேன்.

பாஸ்: யார்?

தம்பி: சித்தப்பா. மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இந்த வண்டி வேண்டுமாம். "நம்ம பெரிய கங்காணி கார்தானே" என்கிறார்.

பாஸ்: பெற்றோல்?

தம்பி: அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

(பாஸ் ஸ்பானரை எடுத்தார். தம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீங்கள் பைக்கை இப்படித் தள்ளிக்கொண்டு வாருங்கள்" என்றார்.)