மூணு வருசம் கழிச்சு வந்த ஃபைன்

பழைய ஸ்ப்ளெண்டர மச்சானுக்கு பேர் மாத்தி குடுக்கலாம்னு ஆர்டிஓ ஆபீஸ் போனா, கவுண்டர்ல இருந்தவரு நம்பர தட்டிப் பாத்துட்டு சலான் பெண்டிங் கீது சார், கட்டிட்டு வாங்கன்றாரு. இன்னா சலான்னு பாத்தா 2023 பிப்ரவரில வேலூர் கிரீன் சர்க்கிள்கிட்ட ஹெல்மெட் போடாம போனேனாம், 1000 ரூபா.

போட்டோவும் வச்சிக்கீறாங்க, அதுல ஹெல்மெட்டு பெட்ரோல் டேங்க் மேல ஜம்முனு உக்காந்துனுகீது, சரி தப்பு நம்மளுதுதான். ஆனா ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? கேட்டா எஸ்எம்எஸ் அனுப்பிட்டோம்ன்றாங்க. எங்க, ஆர்சில குடுத்த பழைய நம்பருக்கு, அந்த சிம்மு செத்து எத்தினி வருசம் ஆச்சு!

வாட்சப்ல மட்டும் வாரா வாரம் சலான்னு ஏபிகே ஃபைல் (ஃபோன்ல ஆப் ஏத்துற ஃபைல்) ஒண்ணு வந்துனே கீது, அது பூரா ஃபிராடு, தொட்டு இன்ஸ்டால் பண்ணா பேங்க்ல கீறது போயிரும். ஃபிராடுக்காரனுக்கு நம்ம புது நம்பர் தெரியுது, நெசமா ஃபைன் போட்டவங்களுக்கு தெர்ல.

இதுல கடுப்பு இன்னான்னா, 2022 அக்டோபர் வரைக்கும் இதே ஹெல்மெட் ஃபைன் வெறும் 100 ரூபா. நாலு மாசத்துல 900 ரூபா போச்சு. கட்டிட்டேன். மச்சான் பாதி தரேன்னான், இன்னும் வர்ல.