நாத்திகருக்கும் இடமுண்டு என்பது பாதி உண்மை

பெங்களூர்த் தமிழர்களிடையே கடவுள் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு வாதம் தவறாமல் வரும்: "நாத்திகனையும் தன்னவன் என்று சொல்வது உலகத்திலேயே இந்து மதம் மட்டும்தான்." நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பாதியை விட்டுவிடுகிறார்கள். நம் வாழ்க்கையைத் தொடுவது அந்த விட்டுப்போன பாதிதான்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சாங்கிய தத்துவத்தின் அடிப்படை நூலான சாங்கிய காரிகையில் படைப்புக் கடவுளுக்கு வேலையே இல்லை. பிரகிருதியும் (மூல இயற்கை) புருடனும் (ஆன்மா) போதும். வேதச் சடங்கையே முதன்மையாகக் கொண்ட மீமாம்சை மரபினர், அதாவது மீமாம்சகரான குமாரில பட்டர், உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதை நேராகவே மறுத்து வாதிட்டவர். ஆனால் வேள்வியை மீமாம்சகர்களைப் போலக் கறாராகக் காத்தவர்கள் கிடையாது. அதனால்தான் அவர்களை யாரும் தள்ளிவைக்கவில்லை. மனுதர்மம் (2.11) விலக்கச் சொல்வது வேதத்தை நிந்திப்பவனை. கடவுளை மறுக்கலாம், வேதத்தையும் அது விதிக்கும் ஒழுக்கத்தையும் மறுக்கக் கூடாது.

வேதத்தையே மறுத்த பொருள்முதல்வாதிகளான சாருவாகர்கள் அந்தக் கோட்டைத் தாண்டினார்கள். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எதிராளிகள் எழுதி வைத்தது. மணிமேகலைக் காப்பியத்தில், எல்லாம் பூதங்களின் சேர்க்கையே என்னும் பூதவாதிக்குப் பேச இடம் கிடைக்கிறது, கேட்டு மணிமேகலை சிரிக்கிறாள். அது நாகரிகமான மறுப்பு. மகாபாரத சாந்தி பருவத்தில், தருமனைப் பழித்த சாருவாகனைப் பிராமணர்கள் 'ஹூம்' என்ற முழக்கத்தாலேயே எரித்துவிடுகிறார்கள்.

இன்றைய வீடுகளிலும் அதே கோடுதான். மகன் கோயிலுக்கு வரமாட்டேன் என்றால் பொறுத்துக்கொள்வார்கள். அப்பாவுக்குக் கருமாதி செய்யமாட்டேன், சாதிக்கு வெளியே கட்டுவேன் என்று சொன்னால்தான் வீடு இரண்டாகும்.

மற்ற மதங்களோடு ஒப்பிடுவோம். கிறித்தவத்துக்கு 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் வகுத்த விசுவாச அறிக்கை உண்டு, இஸ்லாத்துக்குக் கலிமா என்ற நம்பிக்கை உறுதிமொழி. இஸ்லாமியச் சட்ட மரபு மதம் துறந்தவருக்குத் தண்டனையே வகுத்தது. அதன் கொடுமையை மழுப்பக் கூடாது. யூதர்களிடம் மரபுப்படி தாய் யூதரானால் பிள்ளையும் யூதர். 1963இல் டெட்ராய்ட் பகுதியில் ஷெர்வின் வைன் என்ற ரபி (யூத மதகுரு) கடவுள் இல்லாத யூத சபையையே தொடங்கினார். பௌத்தமும் சமணமும் படைப்புக் கடவுளை ஏற்பதே இல்லை. ஆகவே "இந்து மதம் மட்டும்" என்பது தவறு. பிறப்பால் ஆள் சேரும் மதத்தில் நம்பிக்கை போனவரும் உள்ளேயேதான் இருப்பார். அவரைச் சேர்த்தபோது நம்பிக்கையை யாரும் கேட்கவில்லையே!

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் கேட்கவில்லை. அதன் 2ஆம் பிரிவு பௌத்தர், சமணர், சீக்கியரைச் சேர்த்துக்கொண்டு, முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாத மற்றவர்களையும் பொதுவாக உள்ளே இழுத்துவிடுகிறது. வேறு மதத்துக்கு மாறினால் வெளியே வரலாம். எந்த மதமும் வேண்டாம் என்பவருக்கு வாசல் இல்லை.

பெங்களூர்த் தமிழருக்கு இது கடிக்கும் இடம் கல்யாணம். அந்தச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ, நாலு பேர் முன்னால் "இவரை ஏற்கிறேன்" என்று சொன்னாலோ போதும். புரோகிதரும் அக்கினியும் வேண்டாம். அந்தத் திருத்தம் கர்நாடகத்தில் செல்லாது. அல்சூரில் மண்டபம் பிடித்துச் சுயமரியாதைத் திருமணம் செய்து, அதை இந்துத் திருமணமாகப் பதிந்துவிட்டால், நாளைக்குச் சொத்து, ஜீவனாம்சம் என்று வழக்கு வரும்போது எதிர்த்தரப்பு திருமணத்தையே மறுக்கலாம். உரிய சடங்கு நடக்காவிட்டால் பதிவுச் சான்று மட்டும் இந்துத் திருமணத்தை உண்டாக்காது என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

பாதுகாப்பான வழி 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆட்சேபத்துக்கு 30 நாள். ஆட்சேபம் இல்லையென்றால், அறிவிப்புக் கொடுத்த 3 மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு உறுதிமொழி. தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. பலர் மாட்டிக்கொள்வது முகவரியில். நிரந்தர முகவரி சேலம் என்றால், அறிவிப்பின் நகல் சேலம் அலுவலகத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும். வீட்டுக்குத் தெரியாமல் சாதி மறுப்புத் திருமணம் செய்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. விண்ணப்பம் கொடுக்கும் முன்பே பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இந்தச் சட்டத்தில் மணந்தால் பொதுவாக வாரிசுரிமை 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்கு மாறும். 2023இல் காசர்கோட்டில் ஒரு முஸ்லிம் தம்பதி, சொத்து முழுவதும் மகள்களுக்கே போகட்டும் என்று, பல வருடம் கழித்துத் தங்கள் திருமணத்தை இதில் பதிந்தார்கள். ஆனால் இருவரும் இந்துக்கள் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 21ஏ பிரிவு அவர்களை இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே நிறுத்திவைக்கிறது. கடவுள் இல்லை என்று சொல்வதால் மட்டும் சட்டத்தின் கண்ணில் ஒருவர் இந்து அல்லாதவர் ஆகிவிடுவதில்லை. ஐயர் இல்லாமல் மணந்த நாத்திக ஜோடிக்கும் சொத்துப் பங்கீடு இந்து வாரிசுரிமைச் சட்டப்படிதான். அது வேண்டாம் என்றால் இருவரும் தனித்தனியே உயில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.