நாற்பது நாள் கணக்கு

அந்த வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் பார்த்தாயிற்று. பாதிப் பேர் எனக்கே ஃபார்வர்டும் பண்ணிவிட்டீர்கள். பின்னால் கோப்பை அலமாரி, முன்னால் மைக், "பிளஸ் ஒன் மேத்ஸ் எங்களுக்கு நாற்பது நாள் வேலை சார், மிச்ச நாள் பூரா பிளஸ் டூ தான்" என்கிறார் ஒரு பள்ளியின் தாளாளர். கீழே நான் போட்டது ஒரே ஒரு வரி: "பன்னிரண்டு பாடம், நாற்பது நாள். வகுத்துப் பாருங்கள்." அதற்கு வந்த பதில்களில் அதிக லைக் வாங்கியது, "கணக்கு வராதவன் புலம்பல்."

சரி, நானே வகுத்துக் காட்டுகிறேன். ஒரு பாடத்துக்கு மூன்று நாள் எட்டு மணி நேரம். தூங்காமல் இருந்தால். முக்கோணவியல் என்ற ஒரே பாடத்துக்குள் ரேடியன், கூட்டல் சூத்திரங்கள், பொதுத் தீர்வு, சைன் விதி, கொசைன் விதி எல்லாம் இருக்கின்றன. மூன்று நாள் எட்டு மணி. எல்லைகள், தொடர்ச்சித்தன்மை? அதற்கும் அதே மூன்று நாள் எட்டு மணி. இட்லி மாவு புளிக்கவே ஒரு ராத்திரி வேண்டும் ஐயா.

இது புது வியாதி இல்லை. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்ததே பள்ளிகள் பதினோராம் வகுப்புப் புத்தகத்தைப் பிரிக்காமலேயே பன்னிரண்டுக்குத் தாவின என்பதால்தான். அடுத்த ஆண்டே, உயர்படிப்புக்குப் பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்றார்கள். தேர்வு உண்டு, ஆனால் அந்த மார்க்குக்கு எங்கேயும் வேலையில்லை. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வந்து தேர்வே போனது. அன்றைக்குப் பிள்ளைகளுக்கு ஒரு சுமை குறைந்தது என்று கைதட்டிப் பதிவு போட்டவன் நான். தேடினால் கிடைக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வாருங்கள். சுமையைக் குறைக்கச் சொன்னால் புத்தகத்தையே குறைத்துவிடுவார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

இப்போது கதைக்கு வருகிறேன். அக்கா மகள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். ஆமாம், அதனால்தான் இவ்வளவு எரிச்சல். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். நோட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. பச்சை மையில் சூத்திரம், அதைச் சுற்றிப் பெட்டி. எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது சைன் எக்ஸ் பை எக்ஸ் ஒன்றை நெருங்கும். அந்தப் பெட்டிக்குக் கீழே நாற்பது கணக்கு, நாற்பதும் சரி.

"ஃபோனில் கால்குலேட்டரை எடு. சைன் 0.1 போட்டு 0.1 ஆல வகு" என்றேன். போட்டாள். 0.017 என்று வந்தது. திரும்பப் போட்டாள். அதே விடை. முகம் சுருங்கிவிட்டது. "மாமா, ஃபார்முலா தப்பா?"

கால்குலேட்டர் டிகிரியில் இருந்தது, அவ்வளவுதான். கோணத்தை அளக்க டிகிரி ஒரு அலகு, ரேடியன் இன்னொன்று; அந்தப் பெட்டிச் சூத்திரம் ரேடியனில்தான் சரியாக வரும். ரேடியனுக்கு மாற்றச் சொன்னேன், 0.998 வந்தது. இன்னும் சின்ன எண்ணாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன், ஒன்றை ஒட்டி ஒட்டி நகர்ந்தது. அவள் கேட்டாள்: "அப்போ ரேடியன்னு ஒண்ணு கண்டுபிடிச்சதே இதுக்குத்தானா?" முழுப் பதில் அது இல்லைதான். ஆனால் அந்தக் கேள்வி வருவதற்குத்தான் பதினோராம் வகுப்பு என்று ஒரு வருஷம் வைத்திருக்கிறார்கள். ரேடியன் மூன்றாம் பாடத்தில் இருக்கிறது, இந்தச் சூத்திரம் வரும் எல்லைகள் ஒன்பதாம் பாடத்தில். இடையில் இருக்கும் மாதங்களில் தலைக்குள் ஏதோ ஊறும். நாற்பது நாளில் எது ஊறும்? நனையக்கூட நனையாது.

உடனே ஆரம்பிப்பீர்கள், தெரியும். "ஜேஇஇ பையன்கள் இதைவிட வேகமாகப் போகிறார்களே?" போகிறார்கள். ஆனால் ஜேஇஇ என்ற அந்த இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வில் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும், அதனால் அவர்கள் அதைத் தாண்டிவிட்டு ஓட முடியாது. "கொரோனா வருஷத்தில் சீக்கிரமாக முடிக்கவில்லையா?" அப்போது நாள் குறைந்தது, அரசு பாடத்தையும் குறைத்தது. இங்கே நாள் மட்டும்தான் குறைகிறது. "ராமானுஜனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன். கும்பகோணத்தில் வருஷக்கணக்கில் சிலேட்டும் பல்பமுமாகக் கிடந்த மனுஷனை நாற்பது நாள் பேக்கேஜுக்கு விளம்பரத் தூதர் ஆக்கியிருக்கிறீர்கள். நடத்துங்கள்.

வேகமாகப் பிடித்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு, மறுக்கவில்லை. ஒரு வகுப்பில் ரெண்டு பேர், மூன்று பேர். மிச்சம் ஐம்பது பேரையும் அதே வண்டியில் ஏற்றுவதைத்தான் கேட்கிறேன்.

அப்புறம் அந்த "கணக்கு வராதவன்." 2004இல் பிளஸ் டூவில் கணக்கில் நான் 196. இருநூறுக்கு. ஹாஸ்டல் பள்ளி, எங்களுக்கும் பதினோராம் வகுப்பு ஜூலையோடு முடிந்தது. பிளஸ் ஒன் புத்தகத்தின் பின்பாதி என்னிடம் கடைசிவரை புதுப்புத்தக வாசனையோடே இருந்தது. எடுத்துக்காட்டு எண்ணைச் சொன்னால் விடையைச் சொல்வேன், வரிக்கு வரி. எண்ணை மாற்றினால் வாய் அடைத்துவிடும். கல்லூரியில் முதல் செமஸ்டர் கணக்குப் பரீட்சை எம்-ஒன்னில் அரியர். ரெண்டாவது தடவையும் போனது. மூன்றாவது தடவை எழுதப் போனபோது பக்கத்து பெஞ்சில் ஜூனியர் பையன், "அண்ணா, நீங்க இன்விஜிலேட்டரா?" என்றான். இன்றைக்குச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்று ஹாஸ்டல் மொட்டைமாடியில் போய் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் ரிசல்ட் இன்னும் வரவில்லை என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். 196க்குத் தெருவெல்லாம் லட்டு கொடுத்த அப்பாவிடம் வேறு என்ன சொல்ல?

அதனால், ஆமாம், எனக்குக் கணக்கு வராமல்தான் போனது. ஏன் வராமல் போனது என்று கேட்க உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. நாற்பது நாளில் முடிக்கிறவர்கள், நேரம் எங்கே இருக்கும்?

இதில் உண்மையில் வலித்தது முகம் தெரியாத அந்த ஆளின் கமெண்ட் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வீடியோவைப் போட்டு நாலு கைதட்டல் பொம்மை வைத்தவர் எங்கள் அத்தான். நான் எழுதியதை அக்கா காட்டியிருக்கிறாள் போல. "உன் தம்பிக்கு எதிலேயும் குறை" என்றாராம். ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கடன் வாங்கி ஃபீஸ் கட்டியிருக்கிறார், அவர் கோபம் எனக்குப் புரிகிறது. புரிகிறது என்று எழுதும்போதே கை நடுங்குகிறது, அது வேறு விஷயம். எம்-ஒன் மூன்றாவது தடவைக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டியவர் அவர்தான். அப்பாவுக்குத் தெரியாமல்.

இன்று சாயங்காலம் அக்கா ஃபோன் பண்ணினாள். இந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா வரமாட்டாளாம், ஸ்பெஷல் கிளாஸ், தொகை நுண்கணிதம் முடிக்கிறார்களாம். திங்கட்கிழமை பிளஸ் டூ புத்தகம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.